மச்சினன் கை

தண்ணீர் சிந்தவில்லை.

மண் அள்ளும் பக்கெட்டுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் ஒரு தட்டு தொங்கியது. தராசுத் தட்டு மாதிரி, மூன்று சங்கிலிகளில். தட்டின் மேல் கண்ணாடி டம்ளர். டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர். எக்ஸ்கவேட்டரின் பெரிய கரம் மாடி உயரத்திலிருந்து மெதுவாக இறங்கி வந்து, டைரக்டரின் பளபளப்பான ஷூவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டைரக்டர் குனிந்து டம்ளரைப் பார்த்தார். நிமிர்ந்து பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது.

ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பிள்ளையைப் பரீட்சை ஹாலுக்குள் அனுப்பிவிட்டு வெளியே நிற்கும் தகப்பன் மாதிரி, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேபினுக்குள் இருந்த டிரைவர் ஜன்னலைத் திறந்தான். டைரக்டரைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்து, இரண்டு விரலை வாயருகே கொண்டுபோய் ஒரு தரம் சாய்த்துக் காட்டினான். வெள்ளைச் சட்டை கேண்டீனை நோக்கி நடந்தது, டீ வாங்கி வர.

ஒரு சீனியர் இன்ஜினியர் டிரைவருக்கு டீ சுமப்பது அந்தச் சோதனை மைதானத்தில் யாருக்கும் அதிசயமாக இல்லை. டிரைவர் அவருடைய மனைவியின் தம்பி. மச்சினன் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாசமெல்லாம் இல்லை. பயம்.

அவருக்கு ஆபீசில் தொண்ணூற்றெட்டு என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும்.

அவருடைய வேலை, இன்னும் செய்யாத இயந்திரத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பது. பம்ப், ஹோஸ், வால்வு, சிலிண்டர் எல்லாவற்றுக்கும் திரையில் ஒவ்வொரு பெட்டி. பெட்டிகளைக் கோடு போட்டு இணைப்பார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சமன்பாடுகள். பொத்தானை அமுக்கினால், இல்லாத ஆயில் இல்லாத ஹோஸில் ஓடி, இல்லாத கரத்தைத் தூக்கும். அழுத்தம் ஏறி இறங்குவது நீலக் கோடாக வரும். இது மாடல். பிறகு நிஜ இயந்திரத்தை மைதானத்தில் ஓட்டி அளப்பார்கள். அது சிவப்புக் கோடாக வரும். நீலம் சிவப்பின் மேல் படிந்துவிட்டால் மாடல் சரி, மாடல் போட்டவர் புத்திசாலி.

அவருடைய நீலம் எப்போதும் படிந்தது. அவர் எழுதிய எல்லா அறிக்கையிலும் கடைசி வரி ஒன்றுதான்: பொருத்தம் தொண்ணூற்றெட்டு சதவீதம். நூறு என்று போடக் கூச்சம். தொண்ணூற்றேழு என்று போட மனசு வராது.

படியவைக்கும் வழி அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். ஆயிலில் எப்போதும் கொஞ்சம் காற்று கலந்திருக்கும். எவ்வளவு என்று யாராலும் துல்லியமாக அளக்க முடியாது. எனவே மாடலில் அந்த இடத்தில் எந்த எண்ணைப் போட்டாலும் எவனும் வந்து கேட்கமுடியாது. நீலம் சிவப்பை எட்டவில்லையென்றால் காற்றைக் குறைப்பார். துள்ளினால் கூட்டுவார். ஒரு தடவை அவர் போட்டிருந்த எண்ணை வைத்துப் பார்த்தால் அந்த இயந்திரம் ஆயிலில் ஓடவில்லை, சோடாவில் ஓடியது. அறிக்கைக்குப் பாராட்டு வந்தது.

சின்ன வயதில் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தவர் இல்லை. கையில் அழுக்குப் பட்டால் அழுதுவிடுவான் என்று அவருடைய அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பெருமைக்குக் குறை வைக்கவில்லை. இத்தனை வருஷ சர்வீசில் சட்டையில் ஒரு சொட்டு ஆயில் பட்டது கிடையாது. ஹைட்ராலிக்ஸ் தெரியாத மேஸ்திரிகளைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் உண்டு. ஸ்பேனர் தெரியாத தன்னைப் பற்றி மேஸ்திரிகளுக்கும் இருக்கும் என்று தோன்றியதில்லை.

மனைவி வீட்டில் அத்தனை பேரும் டிரைவர்கள். லாரி, பஸ், கிரேன். மாப்பிள்ளை மண் அள்ளும் வண்டி சம்பந்தமான வேலை என்றதும் மாமனார் மகிழ்ந்துபோய் எத்தனை டன் வண்டி ஓட்டுகிறார் என்று கேட்டார். ஓட்டுவதில்லை, கணக்குப் போடுகிறேன் என்றார் இவர். அப்படியா, டீசல் கணக்கா என்று கேட்டுவிட்டு மாமனார் பேச்சை மாற்றிவிட்டார். அந்த டீசல் கணக்கு பல வருஷம் சிரிப்பாக வீட்டுக்குள் சுற்றியது. இவரும் தன் பங்குக்கு அவர்கள் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கடைசி மச்சினனுக்கு எங்கேயும் வேலை நிற்கவில்லை. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் இவர்தான் சோதனை மைதானத்தில் டிரைவராகச் சேர்த்துவிட்டார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே சிபாரிசு.

இனி மூக்குத்தி விஷயம். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

எக்ஸ்கவேட்டரின் கரத்தைத் தாங்கி நிற்பது இரண்டு சிலிண்டர்களில் அடைபட்ட ஆயில். கரத்தை இறக்க அந்த ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடவேண்டும். விடுவதற்கு ஒரு வால்வு. லீவரைத் தள்ளினால் ஒரு மெல்லிய ஹோஸில் அழுத்தம் வந்து அந்த வால்வைத் திறக்கும். ஆனால் வால்வு அவசரக்குடுக்கை. சட்டென்று திறக்கும், கரம் விழப் பார்க்கும். பயந்துபோய்ச் சட்டென்று மூடும், கரம் குலுங்கி நிற்கும். மறுபடி திறக்கும். ஆமாம் சாமி ஆமாம் சாமி என்று கரம் தலையாட்டிக்கொண்டே இறங்கும். மைதானத்தில் அதற்குத் தலையாட்டல் என்றே பெயர். இதைத் தடுக்க அந்த மெல்லிய ஹோஸ் வந்து சேரும் வாயில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு வைப்பார்கள். நடுவில் ஊசித்துளை. அதில் நுழைந்து வருவதற்குள் ஆயிலின் வேகம் தணியும், வால்வும் அடங்கும். பார்க்க மூக்குத்தி மாதிரி இருக்கும். அதுவே பெயராகிவிட்டது.

அந்தக் கம்பெனியில் எதையாவது சேர்த்தவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. எதையாவது நீக்கினால் கூப்பிடுவார்கள். புது மாடல் இயந்திரத்தில் தன் பெயர் சொல்ல எதையாவது நீக்கவேண்டும் என்று டைரக்டருக்கு ஆசை. பெரியதை நீக்கினால் வண்டி ஓடாது. மூக்குத்தி கண்ணில் பட்டது. தொண்ணூற்றெட்டு தன் மாடலில் மூக்குத்தியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். கரம் பூப்போல இறங்கியது. மூக்குத்தி தேவையில்லை என்று அறிக்கை எழுதினார். வரைபடத்திலிருந்து மூக்குத்தி போயிற்று.

தலைமை அலுவலகத்தில் விழா வைத்து டைரக்டருக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். தொண்ணூற்றெட்டுக்கு ஒரு மரக்கட்டை. அதில் முதல் இயந்திரத்திலிருந்து கழற்றிய அதே மூக்குத்தியைப் பதித்து, கீழே 'குறைத்தோம், வென்றோம்' என்று பொறித்திருந்தது. அன்று மேடையிலேயே டைரக்டர் அவர் காதில், காலியாகக் கிடக்கும் பிரிவுத் தலைவர் நாற்காலி உமக்குத்தான், இந்த வண்டி விலைபோகட்டும் என்றார். தொண்ணூற்றெட்டு மரக்கட்டையை மேஜையில் வைத்து, நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டார். மனைவியிடம் சொன்னார். மனைவி தன் அப்பாவிடம் சொன்னாள். மாமனார், அந்த நாற்காலிக்குச் சக்கரம் உண்டா என்று கேட்டாராம்.

மாடலில் ஒரு சங்கதி இருந்தது. லீவரை யாராவது தள்ளவேண்டுமே? அதற்கு டிரைவர் என்று ஒரு பெட்டி. கை எப்படித் தள்ளுகிறது என்பதை மைதானத்தில் பதிவு செய்து அந்தப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். பதிவுக்கு நாள் முழுவதும் ஒரே மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற டிரைவர்களுக்கு அது பிடிக்காது. மச்சினனுக்குப் பிடிக்கும், வேறு வேலை சொல்லமாட்டார்கள் என்பதால். எனவே அத்தனை பதிவும் மச்சினன் கை.

அந்தக் கை லீவரைத் தள்ளுவது, தொட்டிலில் குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்துகிற மாதிரி. திறமையில்லை, சோம்பல். எதையும் அவசரமாகச் செய்து அவனுக்குப் பழக்கமில்லை. அப்படித் தள்ளினால் மூக்குத்தி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. எந்த வால்வும் பதறாது.

ஒரு நாள் மச்சினன் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போய்விட்டான். பதிலுக்கு ஒரு தற்காலிக டிரைவர் உட்கார்ந்தான். லீவரைத் தள்ளினான். கரம் மேலிருந்து கீழ் வரை தலையாட்டிக்கொண்டே வந்தது. அவன் இறங்கி வந்து தொண்ணூற்றெட்டின் முகத்தைப் பார்த்தான். தரை இளக்கமாக இருக்கிறது என்றார் அவர். கான்கிரீட் மேல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேயும் ஆடியது. ஆயில் இன்னும் சூடாகவில்லை என்றார். சூடாக்கினார்கள், ஆடியது. டிரைவருக்குப் பழக்கமில்லை என்றார். அந்தக் காரணம் நிலைத்தது, அதை மறுக்கக்கூடிய ஒரே ஆள் தற்காலிகம் என்பதால். அவனை அடுத்த வாரமே ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

அறைக்குத் திரும்பி, டிரைவர் பெட்டியிலிருந்து மச்சினன் கையை எடுத்துவிட்டு, சாதாரண மனிதன் தள்ளுகிற மாதிரி ஒரு கையைப் போட்டார். நீலக் கோடு உடனே தலையாட்டியது. மாடல் பொய் சொல்லியிருக்கவில்லை. யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மச்சினன் கையை மறுபடி வைத்து மூடினார்.

மச்சினன் ஸ்டோர் பக்கம் போய் அந்தத் தற்காலிக ஆளிடம் விஷயத்தைக் கறந்துவிட்டான். படிப்பு ஏறாதவன்தான். ஆனால் தனக்கு என்ன மதிப்பு என்பது மட்டும் அவனுக்குச் சொல்லித்தராமலே விளங்கும். அந்த வாரமே பெட்டியோடு அக்கா வீட்டுக்குக் குடிவந்தான். ஹாலில் சோபா அவனுடையதானது. மாமாவின் ஸ்கூட்டரை அவன் ஓட்டினான், மாமா பின்னால் உட்கார்ந்தார். கேஸ் சிலிண்டரை மாமா தூக்கினார், தம்பி கை பிசகிவிடக்கூடாது என்று. ஒரு தடவை அவன் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகப்போக, மாமா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

மனைவிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"கல்யாணமான நாளா எங்க ஆளுங்க வந்தா கதவச் சாத்துவீங்க. இப்பதான் புத்தி வந்திருக்கு," என்றாள்.

"நல்ல பையன்தானே," என்றார் அவர், சிலிண்டரை உருட்டிக்கொண்டே.

"மாமா, ரிமோட் அந்தப் பக்கம் விழுந்துருச்சு," என்றான் சோபாவிலிருந்து மச்சினன். "நானே எடுத்துருவேன். கைக்கு வேலை குடுக்காதேன்னு நீங்கதானே சொல்றீங்க."

அவர் வந்து எடுத்துக் கொடுத்தார்.

இப்படியே ஓடியது. டம்ளர் ஒத்திகை முடிந்த அன்று, டைரக்டர் அவரை அறைக்கு அழைத்தார். கல்குவாரி வைத்திருக்கும் அம்மாள் ஒருத்தர் ஆறு இயந்திரம் கேட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறார். காலையில் ஹாலில் விளக்கம், பிறகு சாப்பாடு, பிறகு மைதானத்தில் டம்ளர். அதுவரை தொண்ணூற்றெட்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக டைரக்டர் சொன்னார், அந்த அம்மாள் தன் குவாரி டிரைவரையும் கூட்டி வருகிறார், நம் ஆள் ஓட்டிக் காட்டியதும் அவன் ஓட்டிப் பார்ப்பான் என்று.

தொண்ணூற்றெட்டின் தலை நின்றது. வெளி ஆளை ஏற்றினால் பாதுகாப்புப் பிரச்சினை என்றார். இன்சூரன்ஸ் என்றார். புது வண்டி, பழக்கமில்லாத கை என்றார்.

"செருப்பு வாங்க வர்றவங்க கால விட்டுப் பாப்பாங்களா, நீரே போட்டு நடந்து காட்டுவீரா?" என்றார் டைரக்டர். "மாடல்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்தான்: மூக்குத்தி வேண்டும் சார். அது அவர் வாய்வரை வந்தது. டைரக்டருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிக் கேடயம் இருந்தது. மேஜையில் ஒரு தாள், தொண்ணூற்றெட்டின் சம்பளச் சீட்டுப் பெயரோடு, பிரிவுத் தலைவர் என்ற வார்த்தையோடு. கையெழுத்து மட்டும் இல்லை. டைரக்டர் அதைப் பார்க்கும்படியாகத்தான் வைத்திருந்தார்.

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு? போய் நல்ல சட்டையா எடுத்து வையும்."

வெள்ளிக்கிழமை காலை விளக்கம் நன்றாக நடந்தது. நீலமும் சிவப்பும் திரையில் படிந்தன. குவாரிக்காரம்மா முன்வரிசையில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு முகத்தில் எதுவும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய டிரைவர். அவன் கைகளைத்தான் தொண்ணூற்றெட்டு பார்த்தார். முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு விரலும் கடப்பாறை.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவர் தன் அறைக்கு வந்தார். மரக்கட்டையை எடுத்து, பேப்பர் கத்தியால் நெம்பினார். பசை நல்ல பசை. 'வென்றோம்' பக்கம் மரம் கொஞ்சம் பெயர்ந்தது. மூக்குத்தி கையில் வந்தது.

மைதானத்தில் யாரும் இல்லை. பட்டறையில் ஒரு ஸ்பேனரும், மூக்குத்தியைத் திருக ஒரு ஆலன் கீயும் எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே வால்வு இருந்தது. திரையில் அது சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதன் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் விறைப்பும் அவருக்கு மனப்பாடம். இப்போது எதிரே இருந்தது பன்றி அளவுக்கு ஒரு இரும்புக் கட்டி, அதிலிருந்து நாலா பக்கமும் ஹோஸ்கள். எல்லாம் கறுப்பு. எது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரில் என்றால் அம்புக்குறி வைத்தால் பெயர் வரும். ஒன்றின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பெயர் வரவில்லை.

கடைசியில் இருப்பதில் மெல்லியதாக, லீவர் பக்கமிருந்து தனியாக வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஸ்பேனரைப் போட்டு, வலப்பக்கம் முக்கினார். பிறகு இடப்பக்கம். நட்டு இளகியது.

இன்ஜினை அணைத்த பிறகும் அந்த மெல்லிய ஹோஸ்களில் மிச்ச அழுத்தம் நிற்கும். லீவரை இரண்டு தரம் முன்னும் பின்னும் ஆட்டி அதை விட்டுவிட்டுத்தான் கழற்றவேண்டும். பட்டறையில் தரை கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். தொண்ணூற்றெட்டுக்கும் தெரியும். அந்த மிச்ச அழுத்தம் அவருடைய மாடலிலேயே இருந்தது, அவரே தனிப் பெட்டி போட்டு எழுதியது.

காலரிலிருந்து பெல்ட் வரை ஆயில் அடித்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு மூக்குத்தியைத் திருகினார். நட்டை இறுக்கினார். நிஜ இயந்திரத்தில் அவர் செய்த முதல் வேலை அது. சுவரில் மச்சினனின் நீல நிற மேல்கோட்டு தொங்கியது. எடுத்துப் போட்டுக் கழுத்து வரை பொத்தானிட்டார்.

சாப்பாடு முடிந்து கூட்டம் வந்தது. மச்சினன் தன் கோட்டைத் தேடினான். மாமாவின் மேல் பார்த்தான். கோட்டில்லாமலே கேபினில் ஏறினான். டம்ளர் மேலே போயிற்று, இறங்கியது, சிந்தவில்லை. ஆனால் லீவரை விட்டதும் அவன் தன் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். பிறகு ஜன்னல் வழியாக மாமாவை. அன்று டீ கேட்கவில்லை.

குவாரி டிரைவர் ஏறினான். இருக்கையைப் பின்னால் தள்ளினான். தட்டைக் கழற்ற வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். இருக்கட்டும் என்றார் குவாரிக்காரம்மா. அவன் கரத்தை உயரே தூக்கினான், லீவரை இறக்கத்துக்கு ஒரே தள்ளாகத் தள்ளினான். மாடு ஓட்டுகிற கை. தொண்ணூற்றெட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

தட்டு ஊஞ்சலாடியது. டம்ளரில் கால்வாசி தண்ணீர் போயிற்று. ஆனால் கரம் ஆடவில்லை. ஒரே வழுக்காக இறங்கி நின்றது. அவன் மறுபடி தூக்கி, மறுபடி தள்ளினான். பாதியில் நிறுத்தினான், தள்ளினான், நிறுத்தினான். தலையாட்டல் இல்லை. இறங்கி வந்து அம்மாளிடம் ஒரே வார்த்தை சொன்னான், நல்லாருக்கு என்று.

டைரக்டர் அந்த இடத்திலேயே ஒரு சொற்பொழிவு செய்தார். மற்ற கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு தனித் திருகு வைக்கிறார்கள், நாங்கள் விஞ்ஞானத்தால் அதை நீக்கிவிட்டோம், எந்தக் கைக்கும் அடங்கும் வண்டி இது என்று சொல்லி, எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்த தொண்ணூற்றெட்டின் தோளில் கைபோட்டு முன்னால் இழுத்து நிறுத்தினார். இவர்தான் கணக்குப் போட்டவர்.

குவாரிக்காரம்மா அவரைக் கோட்டிலிருந்து ஷூ வரை பார்த்தார். ஆபீஸ்காரர்களில் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற ஒரே ஆள் என்பதால் அவர் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கவேண்டும்.

"எங்க குவாரியில கரத்துக்கு அடியில லாரி நிக்கும். லாரிக்குள்ள ஆள் இருப்பான்," என்றார். "எனக்கு வர்ற ஆறும் இதே மாதிரிதான இருக்கும்?"

அவரிடம் யாரும் அப்படி நேராக எதையும் கேட்டதில்லை. டைரக்டரின் கை தோளில் இருந்தது. கோட்டுக்குள் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"தொண்ணூத்தெட்டு சதவீதம்மா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாள் சிரிக்கவில்லை.

"மீதி ரெண்டு?"

"அது அவரோட அடக்கம்," என்றார் டைரக்டர்.

சாயங்காலம் மச்சினன் ஸ்கூட்டரை ஓட்டினான், அவர் பின்னால். சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"மூக்குத்தி குத்தியாச்சு போல."

அவர் பக்கத்து வண்டிக்காரரைப் பார்த்தார்.

"லீவர் கைக்கு ஒரு மாதிரி வழவழன்னு வந்துச்சு. அப்பவே நெனச்சேன். அந்தத் தடியன் கைக்கே ஆடலன்னா, அப்புறம் என் கைக்கு என்ன மாமா மரியாதை?"

"மெதுவாப் பேசு."

"அந்த ஆறுலயும் போடுவீங்களா?"

"டிராயிங்க மாத்தணும். மாத்தணும்னா ஏன்னு எழுதணும்."

"எழுத வேண்டியதுதான."

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். மச்சினன் அவசரப்படவில்லை, மெதுவாக ஆக்ஸிலரேட்டரைத் திருகினான்.

"சரி விடுங்க. நான் யார்கிட்ட சொல்லப்போறேன்," என்றான். "நாளைக்கு ஒரு நாள் வண்டிய நான் எடுத்துக்கறேன். லீவு. நீங்களே சொல்லிருங்க."

வீட்டில் மனைவி சட்டையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் சட்டையில் ஆயில். உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். மாப்பிள்ளை கையால் வேலை செய்திருக்கிறார் என்று அவள் சொல்வது குளியலறை வரை கேட்டது.

மறுநாள் காலையில் கையெழுத்தான ஆணை வந்தது. பியூன் அவருடைய பெட்டிகளைப் பிரிவுத் தலைவர் அறைக்கு மாற்றினான். அந்த அறைக்கு மைதானத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. ஆறு இயந்திரங்களுக்கான வரைபடக் கட்டு அவர் மேஜைக்கு வந்தது. பழைய வரைபடம்தான், மூக்குத்தி இல்லை. ஒப்புதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு உற்பத்திப் பிரிவுக்கு அனுப்பினார்.

பகலில், நேற்று மைதானத்தில் அளந்த சிவப்புக் கோடு வந்தது. குவாரி டிரைவரின் கையை டிரைவர் பெட்டிக்குள் போட்டு மாடலை ஓட்டினார். சிவப்பு நேராக இறங்கியது, நீலம் தலையாட்டியது. காற்றைக் கூட்டினார். சோடாவைத் தாண்டிக் கூட்டினார். நீலம் அடங்கிப் படிந்தது. பொருத்தம் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று எழுதி டைரக்டருக்கு அனுப்பினார். மரக்கட்டையில் மூக்குத்தி இருந்த பள்ளத்தில் நோட்டீஸ் போர்டிலிருந்து ஒரு பித்தளைத் தலை ஊசியை எடுத்துக் குத்தினார். மச்சினனின் விடுப்பைப் பதிவு செய்தார். சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார், உட்கார இடம் கிடைக்கவில்லை. மச்சினன் சோபாவில் இருந்தான். ரிமோட் கீழே கிடந்தது, எடுத்துக் கொடுத்தார். கறை போகாததால் வெள்ளைச் சட்டையை மனைவி தரை துடைக்கப் போட்டிருந்தாள்.